நீர்த்துளியின் வடிவம்

மழை பெய்து ஓய்ந்தபின் தோட்டத்தினுள் நுழைவோர் ஒரு புதுமையைக் காணலாம். கருங்கல்லின்மேல் விழுந்த நீர் பரந்து கல்லை நனைக்கின்றது. அதே நீர் சேம்பின் இலைமேல் முத்தெனத் திரண்டு நிற்கின்றது. காற்று சிறிது அசைத்த அளவிலே உருண்டோடி விடுகின்றது. சாளரக் கண்ணாடியிலோ, சிறு துளிகள் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெருந்துளிகள் வழிந்து இறங்குகின்றன. நீர் ஒன்றே, ஆயினும் அதன் இயல்பு இடத்திற்கு இடமும் அளவிற்கு அளவும் வேறுபட்டுத் தோன்றுகின்றது. இதற்குக் காரணம் யாது?

நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கவர்ந்து நிற்கின்றன. இஃது ஓரினக் கவர்ச்சி எனப்படும். மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் உள்நோக்கி இழுக்கப்படுதலால், நீரின் பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோலைப் போன்று இயன்றவரை சுருங்க முயல்கின்றது. இதுவே பரப்பு இழுவிசை. ஒரே கன அளவுள்ள வடிவங்களுள் மிகக் குறைந்த பரப்புடையது கோளமே. ஆதலின், தடையில்லாத இடத்துத் துளி கோள வடிவம் பெறுகின்றது. ஆனால், நீர் தங்கியிருக்கும் திடப்பொருளும் அதனைத் தன்பால் கவர்கின்றது. இது வேற்றினக் கவர்ச்சி. இவ்விரு கவர்ச்சிகளுக்கும் இடையே நிகழும் போட்டியே, துளி பரவுமா திரளுமா என்பதனை முடிவு செய்கின்றது.

இப்போட்டியின் முடிவை ஒரு கோணத்தால் அளக்கலாம் என்று காட்டியவர் தாமஸ் யங் என்னும் ஆங்கிலேய அறிஞர். மருத்துவராகிய அவர், 1805ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கட்டுரையில், ஒரு திரவமும் ஒரு திடப்பொருளும் சந்திக்கும் விளிம்பில் அமையும் கோணம் மாறாதது என்று விளக்கினார். துளியின் விளிம்பில், நீரினூடே அளக்கப்படும் அக்கோணமே சேர்கோணம் ஆகும். தூய கண்ணாடியில் நீரின் சேர்கோணம் ஏறக்குறைய சுழியே. ஆதலின் நீர் படலமாகப் பரவுகின்றது. மெழுகில் அது 90 பாகையைக் கடந்து நிற்கின்றது. ஆதலின் நீர் திரள்கின்றது. தாமரை இலையிலோ அது 150 பாகைக்கும் மேற்பட்டது.

துளி பெரிதானால் சேர்கோணம் மாறுமோ என்னும் ஐயம் இங்கு எழலாம். மெழுகு பூசிய தாளின்மேல் ஒரு சிறு துளியையும் ஒரு பெருந்துளியையும் இட்டு நோக்கினால் உண்மை விளங்கும். சிறு துளி உருண்டையாக நிற்கும். பெருந்துளியோ மேற்புறம் தட்டையாகிப் படுத்துவிடும். துளியின் விட்டம் இரு மடங்கானால் அதன் பரப்பு நான்கு மடங்காகின்றது. எடையோ எட்டு மடங்காகின்றது. ஆகவே, துளி வளருந்தோறும் எடையின் ஆற்றல் பரப்பு இழுவிசையின் ஆற்றலை வென்றுவிடுகின்றது. நீரைப் பொறுத்தவரை, இவ்விரண்டும் சமமாகும் எல்லை ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர் ஆகும். அதனினும் மிகச் சிறிய துளிகள் உருண்டையாகவும், மிகப் பெரியவை தட்டையாகவும் அமையும். மெழுகின்மேல் எவ்வளவு நீரை ஊற்றினும் அதன் உயரம் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வளர்வதில்லை, அகலமே வளர்கின்றது. எனினும், விளிம்பில் அமையும் சேர்கோணம் இரு துளிகளுக்கும் ஒன்றே. எடை துளியின் உடலை அழுத்துமேயன்றி, விளிம்பின் கோணத்தை மாற்றாது. கண்ணுக்குப் புலனாகாத நுண்துளிகளில் மட்டுமே, விளிம்புக் கோட்டிற்கே உரிய ஒரு சிறு விசை அக்கோணத்தைச் சற்று மாற்றவல்லது.

சாய்ந்த கண்ணாடியில் மற்றொரு செய்தியும் உண்டு. எந்தப் பரப்பும் முற்றிலும் சீரானதன்று. நுண்ணிய மேடுபள்ளங்களும் அழுக்கும் துளியின் விளிம்பைப் பற்றிக்கொள்கின்றன. அதனால் துளியின் கீழ்ப்புறக் கோணம் பெரிதாகவும், மேற்புறக் கோணம் சிறிதாகவும் அமைந்து, துளி நழுவாமல் நிற்கின்றது. அப்பிடிப்பு துளியின் அகலத்தைப் பொறுத்தது. எடையோ அதன் கன அளவைப் பொறுத்தது. ஆகையால், துளி ஓரளவிற்குமேல் வளர்ந்ததும் எடை வெல்ல, அது வழிந்தோடுகின்றது.

“தாமரை இலைத் தண்ணீர் போல” என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக வழங்கும் உவமை. அவ்விலையின் பரப்பில் நுண்ணிய முகடுகள் நெருங்கியுள்ளன. அவற்றின்மேல் மெழுகுத் துகள்களும் படிந்துள்ளன. நீர்த்துளி முகடுகளின் உச்சியை மட்டுமே தொடுகின்றது; இடையில் காற்றே நிறைந்துள்ளது. அதனால் உருண்டோடும் துளி, இலைமேல் படிந்த தூசியையும் வாரிக்கொண்டு செல்கின்றது. இவ்வாறு இலை தன்னைத் தானே தூய்மை செய்துகொள்வதனை வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோப் நைன்ஹுய்ஸ் என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் 1997ஆம் ஆண்டில் விரிவாக விளக்கினர்.

இவ்வறிவு உழவர்க்குப் பெரிதும் வேண்டப்படுவதாகும். நெற்பயிரின் இலையும் நீரை எளிதில் ஏற்பதில்லை. அதன்மேல் தெளிக்கும் மருந்து பெருந்துளிகளாக விழுமாயின், தெறித்தும் உருண்டும் மண்ணைச் சேரும். பொருள் வீணாவதோடு, நிலமும் நீர்நிலையும் நஞ்சுறும். 0.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளியைப் பகுத்தால், 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள எட்டுத் துளிகள் கிடைக்கும். அவை முன்னையதைவிட இரு மடங்கு இடத்தை மூடும். ஆயினும், 0.1 மில்லிமீட்டருக்கும் குறைந்த துளிகளைக் காற்று எளிதில் அடித்துச் சென்றுவிடும். அவை அண்டை வயலிலும், தெளிப்போர் உடலிலும் படியும். எனவே, மிகப் பெரிதும் மிகச் சிறிதும் தீங்கே. அளவறிந்து துளியை அமைப்பதோடு, பரப்பு இழுவிசையைக் குறைக்கும் நனைப்பிகளையும் தக்கவாறு கலந்தால், துளி இலையில் பரவித் தங்கும். குறைந்த மருந்தே நிறைந்த பயன் தரும்.

ஒரு துளி நீர் சிறியதே. ஆயினும் அதன் விளிம்பில் அமையும் கோணத்தையும், அதன் உடலின் அளவையும் அறிந்தவர்க்கே அது பணிந்து பயன்படுகின்றது.