பளபளக்கும் குழாயும் அதற்குள்ளே இருக்கும் பித்தளையும்



நம் கூட்டமைப்புக் கட்டிடத்துக்கு இரண்டு வருஷம் முன்னாடி நாலு தண்ணீர்க் குழாய் வாங்கினோம். நாலும் கண்ணாடி மாதிரி மின்னின. இன்றைக்கு இரண்டு அப்படியே இருக்கின்றன. மற்ற இரண்டும் கொப்புளம் கிளம்பி உரிந்துவிட்டன. ஏன் இப்படி என்று விசாரித்தபோது தெரிந்துகொண்டதுதான் இந்த மாதப் பாடம்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. வார்ப்பதும் மரை போடுவதும் சுலபம். ஆனால் ஈரம் பட்டால் கறுக்கும், களிம்பு ஏறும், சீக்கிரம் கீறல் விழும். அதனால் அதன்மேல் முதலில் நிக்கல், அதற்கு மேல் குரோமியம் பூசுகிறார்கள். இரண்டுமே பித்தளையைவிடக் கடினமானவை.

பூசுவது பிரஷால் அல்ல, கரண்டால். நிக்கல் உப்பு கரைத்த தொட்டித் தண்ணீர் பச்சையாக இருக்கும். அதில் ஒரு பக்கம் நிக்கல் கட்டி, மறுபக்கம் குழாயைத் தொங்கவிட்டு, பேட்டரியில் வருவது போன்ற மின்சாரத்தை விடுகிறார்கள். நிக்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குழாய்மேல் படியும். அடுத்த தொட்டியில் குரோமியம். அது ரொம்ப மெல்லிசு, ஒரு மில்லிமீட்டரில் சுமார் 4,000-இல் ஒரு பங்குதான்! கீறலைத் தாங்குவது குரோமியம். ஈரம் உள்ளே போகாமல் காப்பது பெரும்பாலும் அடியில் உள்ள நிக்கல்.

பாசி பிடித்த சுவரில் சுண்ணாம்பு அடித்தால் நிற்குமா? அதே கதைதான் இங்கேயும். எண்ணெய்ப் பிசுக்கு, கைரேகை போகக் கழுவாமல் பூசினால் பூச்சு உரியும். நிக்கலில் சிக்கனம் பிடித்தாலும் சீக்கிரம் கெடும்.

வாங்கும்போது உள்மரையைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் பூச்சு ஏறியிருக்காது, பித்தளை என்றால் மஞ்சள் தெரியும். கையில் கனமாகவும் இருக்கும். துத்தநாகக் கலவைக் குழாய் லேசு. காந்தம் வைத்துப் பார்த்தால் இரும்பு மாட்டிக்கொள்ளும், துத்தநாகம் மாட்டாது. நம்முடைய உரிந்த இரண்டும் அந்த லேசு ரகம்தான்.

வீட்டில் தேய்க்கும்போது ஆசிட், கம்பி நார் வேண்டாம். சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். சமையல் பாத்திரத்துக்கு இந்தப் பூச்சு கிடையாது. அதற்கு ஈயம்தான், அதுவும் வெள்ளீயம். காரீயம் கலந்தால் விஷம்.

இன்னொரு விஷயம். "கடன் வாங்கி நாமே தொட்டி வைத்துச் செய்தால் என்ன?" என்று ஒரு குழுவில் கேட்டார்கள். வீட்டுத் திண்ணையில் செய்கிற தொழில் இல்லைங்க இது. குரோமியத் தொட்டியிலிருந்து எழும் ஆவி மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை போடும், நுரையீரல் புற்றுநோய் வரவைக்கும். தோலில் பட்டால் ஆறாத புண். கழிவை வாய்க்காலில் விட்டால் கிணறு கெடும். ராணிப்பேட்டையில் குரோமிய உப்பு தயாரித்த ஆலை 1990-களில் மூடப்பட்டது. ஆனாலும் அங்கே குவித்த கழிவால் பல வருஷம் நிலத்தடி நீர் மஞ்சளாகிக் கெட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் இல்லாமல் இதைத் தொடங்கவே முடியாது.

அந்தக் குழு இப்போது, பூச்சு முடிந்து வரும் குழாய்களுக்கு வாஷர் மாட்டிப் பெட்டியில் அடுக்கும் வேலையைக் கேட்டிருக்கிறது. துண்டுக்கு எவ்வளவு கூலி என்று அடுத்த கூட்டத்தில் பேசுகிறோம்.