மட்கிய கட்டையில் கிண்ணக் காளான்

வட்டக்கானல் மலைக்கிராமத்தில் ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் முற்பகலில், சோலையோரம் விழுந்து கிடக்கும் கிளைகளைப் புரட்டுகிறவனுக்கு முதலில் ஒன்றும் புலப்படாது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கட்டையை அதன் அருகே கொண்டுவந்தால்தான், ஒரு மில்லிமீட்டரும் நிரம்பாத கிண்ணங்கள் அமர்ந்திருப்பது பிரத்தியட்சமாகும். மண்ணை ஒட்டி ஈரம் காக்கும் அடிப்பக்கத்தையே நான் முதலில் பார்ப்பது வழக்கம்.

இவற்றின் வர்ணம் மனத்தைக் கவரும். ஆயினும் நிர்ணயத்துக்கு அதை மட்டும் நம்பலாகாது. மஞ்சள் கிண்ணம் என்றால் எத்தனையோ ஜாதிகள் உண்டு. வெளிப்புறத்தையும் விளிம்பையும் நோக்குவதே உத்தமம்: லாக்னம் என்ற இனத்துக்கு வெளியெங்கும் மெல்லிய ரோமம், அடியில் காம்பு, ஸ்கூட்டெல்லீனியாவின் செந்தட்டைச் சுற்றிலும் விறைத்த கரு ரோமம், ஆர்பிலியாவுக்கோ ரோமமே பெரும்பாலும் தெரியாது, ஒளி ஊடுருவும் மெழுகுத் தன்மையே லக்ஷணம். குளோரோசிபோரியா கிண்ணம் விடாத காலத்திலும், அது குடிபுகுந்த மரம் நீலப்பச்சைச் சாயம் ஏறிக் கிடக்கும். அவ்வித மரத்தைத்தான் மறுமலர்ச்சிக் கால இத்தாலியத் தச்சர்கள் சித்திரப் பதிப்பு வேலைக்குத் தேடி எடுத்தார்கள். ஆகவே கட்டையையும் படிக்க வேண்டும். வாட்டிலா, பைனா, சோலை மரமா, பட்டை உரிந்ததா என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளாவிட்டால் பின்னர் மேஜையில் விடை கிடைக்காது. (காப்புக் காட்டிலிருந்து எடுப்பதானால் வனத்துறையின் அனுமதி அவசியம்.)

வீடு திரும்பி, கட்டைகளை இட்டுவந்த டப்பாவைத் திறந்ததும் சில கிண்ணங்கள் சாம்பிராணிப் புகை போல ஸ்போர்களை ஒரே மூச்சில் உமிழும். ஸ்போர்களைத் தாங்கும் பைகள் முதிர்ந்தமைக்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. அன்றைக்கே ஒரு கிண்ணத்தைச் சவர பிளேடால் மெல்லிய சீவலாக அரிந்து, வெறும் தண்ணீர்த் துளியில் இட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். பெரும்பாலும் எட்டெட்டாக ஸ்போர்களைத் தாங்கிய பைகளுக்கிடையே மலட்டு இழைகள் நிற்கும். சில இனங்களில் அவ்விழைகளுக்குள் மின்னும் குமிழ்கள், உயிர் இருக்கும் வரையே தெரிந்து, பொட்டாஷ் கரைசல் பட்டதும் மறைந்துபோகும். ஜெர்மானியக் காளான் ஆய்வாளர் பாரல் 1992-இல் வற்புறுத்தி எழுதியதும் உயிருள்ளதைப் பார்க்கவேண்டும் என்பதையே. அதன் பிறகுதான் அயோடின். பையின் நுனி நீலமாகிறதா, சிவக்கிறதா என்று காண லூகால் கரைசலே உசிதம். மற்றோர் அயோடின் கரைசலான மெல்ட்சர் அந்தச் சிவப்பை மறைத்துவிடும்.

மிச்சத்தை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இடுகிறேன். இனப்பெயருக்கு மேல் போக முடியாதவற்றின் உறையில் ‘லாக்னம்’ என்பது போல் இனப்பெயரை மட்டும் எழுதி, அருகே ஒரு வினாக்குறி போடுவேன். என் பெட்டியில் பாதிக்கு மேல் அவ்விதமானவையே.