நடைபாதை இடுக்கில் முளைக்கும் புல்: யார் பிடுங்குவது, யாரிடம் சொல்வது?

உங்க தெரு நடைபாதையை ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. பேவர் பிளாக் கற்களுக்கு நடுவில் அருகம்புல், கோரை, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி என்று ஏதாவது ஒன்று முளைத்திருக்கும். "சின்னப் புல்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று கடந்து போய்விடுவோம். மழைக்காலம் முடிவதற்குள் அது புதராகிவிடும். உள்ளே பாம்பு, பூச்சி இருக்குமோ என்ற பயத்தில் பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்குவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கல்லுக்கு நடுவே செடி எப்படி வந்தது?

பேவர் பிளாக் கற்களின் இடுக்கில் மணல் நிரப்பித்தான் பதிப்பார்கள். மழையில் அந்த மணல் கரைந்து போகும். காலி இடத்தில் தூசியும் சருகும் சேரும். காற்றிலும் பறவை எச்சத்திலும் வரும் விதைக்கு அதுவே போதும். வேர் பருக்கும்போது கல் தூக்கிக்கொள்ளும், அடியில் தண்ணீர் இறங்கும், பிறகு கல் ஆட ஆரம்பிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் மிதிபட்டு, புல் அவ்வளவாக வளராது. புல் மண்டிக் கிடந்தால் அந்த இடத்தில் ஜனங்க நடக்கவில்லை என்று அர்த்தம். ஏன் நடக்கவில்லை? பத்தடி முன்னால் வண்டி நிறுத்தியிருக்கலாம், கட்டுமான மணல் கொட்டியிருக்கலாம், பலகை உடைந்திருக்கலாம். புல்லை மட்டும் பிடுங்கினால் அது திரும்ப வரும். வழியை அடைத்த காரணத்தையும் பாருங்கள்.

மற்ற நாடுகளில் யார் பொறுப்பு?

ஜெர்மனியின் பல ஊர்களில் வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையைச் சுத்தம் செய்வது அந்த வீட்டு உரிமையாளரின் கடமை. குளிர்காலத்தில் பனியையும் அவரே அள்ள வேண்டும். ஆனால் கல் இடுக்கில் களைக்கொல்லி தெளிக்க அனுமதி இல்லை. மீறினால் 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கல்லின் மேல் தெளித்த மருந்து மண்ணில் தங்காமல் மழைநீரோடு வடிகாலுக்கும் ஆற்றுக்கும் போய்விடும் என்பதே காரணம்.

பிரான்சில் பூங்கா, சாலை போன்ற பொது இடங்களில் அரசு அமைப்புகள் ரசாயனப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி பயன்படுத்த 2017 ஜனவரியில் தடை வந்தது. 2019 ஜனவரி முதல் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும் அதே தடை.

நம் நாட்டில் கிளைபோசேட் களைக்கொல்லிக்குக் கட்டுப்பாடு விதித்து மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணை வெளியிட்டது. ஆகவே, கடையில் மருந்து வாங்கித் தெருவில் நீங்களே தெளிக்க வேண்டாம்.

வீட்டு வாசலில் நீங்கள் செய்யக்கூடியது

1. மழை பெய்த மறுநாள் பிடுங்குங்கள். மண் ஈரமாக இருந்தால் வேரோடு வரும்.
2. பூ விட்டு விதை விழுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.
3. கோரையை மேலாக வெட்டினால் பயன் இல்லை. அடியில் உள்ள கிழங்கு மறுபடி முளைக்கும். கிழங்கோடு தோண்டுங்கள்.
4. பார்த்தீனியம் என்றால் கையுறை போடாமல் தொடாதீர்கள். சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும்.
5. உப்பு கொட்டாதீர்கள். பக்கத்து மரத்தின் வேரையும் அது கெடுக்கும்.
6. இடுக்கில் மறுபடி மணல் நிரப்பிப் பெருக்கிவிடுங்கள். விதைக்கு இடம் குறையும்.

பாலத்திலோ சுவரிலோ அரசங்கன்று, ஆலங்கன்று முளைத்திருந்தால் நீங்களாக ஏற வேண்டாம். மேலே வெட்டினாலும் வேர் உள்ளே இருந்து விரிசலைப் பெரிதாக்கும். கன்று சின்னதாக இருக்கும்போதே புகார் கொடுப்பது நல்லது.

அதுவரை எந்தப் பக்கம் நடப்பது?

"இடது பக்கமா நட" என்று சொல்லித்தான் நம்மில் பலரும் வளர்ந்தோம். நடைபாதை இல்லாத சாலையில் அப்படி நடந்தால் வண்டி நம் முதுகுக்குப் பின்னால் வரும். நம்மைப் போலவே வண்டிகள் இடது பக்கம் ஓடும் நாடு ஜப்பான். அங்கே 1949 முதல், நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர்கள் வலது பக்கம் போவதுதான் விதி. பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமும் இதையே சொல்கிறது. ஜெர்மனியில் வண்டிகள் வலது பக்கம் ஓடுவதால், ஊருக்கு வெளியே நடப்பவர்கள் இடது ஓரம் போக வேண்டும். வழக்கம் மாறினாலும் கணக்கு ஒன்றுதான்: எதிரே வரும் வண்டி உங்கள் கண்ணில் பட வேண்டும். நடைபாதை அடைபட்டு வேறு வழியே இல்லாதபோது இதை நினைவில் வையுங்கள்.

போனில் புகார் செய்வது எப்படி?

முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள்.

• சென்னை மாநகராட்சித் தெரு: 'நம்ம சென்னை' செயலி அல்லது 1913.
• மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலை: 'நம்ம சாலை' செயலி.
• தேசிய நெடுஞ்சாலை: 1033.
• மற்ற ஊர்கள், அல்லது யாருடையது என்று தெரியாவிட்டால்: முதல்வரின் முகவரி உதவி எண் 1100.

இரண்டு படம் எடுங்கள். ஒன்று செடியும் கல்லும் தெரிய, கிட்டத்தில். இன்னொன்று தள்ளி நின்று, வழியை அடைப்பது எது என்று தெரியும்படி. போனில் லொக்கேஷனை ஆன் செய்துவிட்டு, பக்கத்துக் கடை அல்லது மின்கம்ப எண்ணையும் எழுதுங்கள். "புல் வளர்ந்திருக்கு" என்று நிறுத்தாமல், "இதனால் பள்ளிப் பிள்ளைகள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள்" என்று பாதிப்பையும் சொல்லுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். வேலை முடியாமலே புகார் மூடப்பட்டிருந்தால், புதுப் படத்தோடு அந்த எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதியுங்கள்.

புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். பயன்படுத்தத் தகுந்த நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. வாசலில் உள்ள புல்லை நாம் எடுப்போம். அடைபட்ட வழியைத் திறக்கச் சொல்லிக் கேட்பதும் நம் வேலைதான்.