அம்மா சொன்ன காசுமாலை

கேள்வி: படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை நான்கு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். “என் காசுமாலை உனக்குத்தான்டி” என்று பலமுறை சொன்னார். அக்காவும் கேட்டிருக்கிறாள். இப்போது நகையெல்லாம் அண்ணன் வீட்டில். “எழுத்தில் ஒன்றும் இல்லையே” என்கிறார். அப்பா முன்பே காலமாகிவிட்டார். நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் மாலையை மட்டும் கேட்கவில்லை. நான்கு வருடம் பார்த்துக்கொண்டதை அண்ணன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் இரண்டையும் ஒரே பேச்சில் கலந்தால் சண்டையில்தான் முடியும். முதலில் நகையைப் பேசுங்கள்.

‘எனக்குப் பிறகு உனக்கு’ என்று வாயால் சொன்னது உயில் ஆகாது. அதற்காக, அண்ணன் பீரோவில் இருப்பதாலேயே நகை அவருடையதாகியும் விடாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தாயின் சொந்த நகையில் மகனுக்கும் மகள்களுக்கும் சம பங்கு உண்டு.

மூவரும் உட்கார்ந்து ஒவ்வொரு நகையையும் படம் எடுத்துப் பட்டியல் போடுங்கள். பொதுவான ஒரு கடையில், மூவர் முன்னிலையில், கல்லைக் கழித்து எடை பாருங்கள். மொத்தம் 24 பவுன் என்றால் ஆளுக்கு 8. காசுமாலை 10 பவுன் என்று வைத்துக்கொள்வோம். மாலையை உங்கள் பங்காக எடுத்துக்கொண்டு, கூடுதலான 2 பவுனுக்கு அன்றைய விலையில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஆளுக்கு ஒரு பவுன் பணம் கொடுங்கள். மீதி 14 பவுனில் அவர்களுக்கு ஆளுக்கு 7. மாலையை அறுக்கவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம். அம்மா சொன்னதை அக்கா அங்கே எடுத்துச் சொல்லட்டும். அந்தப் பணம் வேண்டாம் என்று அவர்களே விட்டுக்கொடுக்கலாம். முடிவை எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள்.

அண்ணன் பேச்சுக்கே வராவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே சட்ட உதவி இலவசம்.

இதைப் படிக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொடுக்க நினைத்ததை உயிரோடு இருக்கும்போதே, மற்றப் பிள்ளைகள் பார்க்க, உங்கள் கையால் கொடுத்துவிடுங்கள். நகையைக் கொடுக்கப் பத்திரப் பதிவு தேவையில்லை. கடைசிவரை கழுத்தில் இருக்க வேண்டுமென்றால் உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாளே போதும், உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. பாசத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்காக, உங்களைப் பார்த்துக்கொண்ட மகள் கூடப்பிறந்தவர்களிடம் சாட்சி தேடி நிற்க வேண்டாம்.