பூனைக்குட்டிக்குக் கண் ஒட்டிக்கொள்கிறது...

கேள்வி: மாடிப்படிக்கு அடியில் கிடைத்த ஒரு மாதப் பூனைக்குட்டிக்குப் பீளை கட்டி, காலையில் கண்ணே திறப்பதில்லை. வீட்டில் இருக்கும் கண் சொட்டு மருந்தை விடலாமா?

பதில்: விடாதீர்கள். நமக்குத் தரும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். கருவிழியில் புண் இருந்தால் அது பார்வையையே பறித்துவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் வைத்தியமும் வேண்டாம்.

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். பஞ்சை அதில் நனைத்துக் கண்மேல் இரண்டு நிமிடம் வைத்தால் காய்ந்த பீளை ஊறும். பிறகு மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. இமையை இழுத்துப் பிரிக்கவே கூடாது. தினமும் மூன்று நான்கு முறை செய்யலாம்.

இது சுத்தம்தான், சிகிச்சை ஆகாது. குட்டிகளுக்குப் பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸால்தான் இப்படி வரும். கூடவே பாக்டீரியாவும் சேரும். மூக்கு அடைத்தால் வாசனை தெரியாமல் சாப்பாட்டை ஒதுக்கும், அதுதான் பெரிய ஆபத்து. உணவை லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள். மற்ற பூனைகளிடமிருந்து பிரித்து வையுங்கள், தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்றோ நாளையோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இமை வீங்கிப் புடைத்திருந்தாலோ, கருவிழி வெளுத்திருந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ இப்போதே கிளம்புங்கள்.