எச்.ஆர். வேலையில் எந்த நாற்காலி?

எம்.எஸ்.டபிள்யூ.வோ எம்.பி.ஏ.வோ முடித்து, ஆள் எடுப்பதிலும் சம்பளப் பட்டியல் சரிபார்ப்பதிலும் நாலைந்து வருடம் ஓட்டியவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஆசை வரும்: இங்கே வேலை செய்கிறவர்கள் காலையில் முகம் சுளிக்காமல் வந்து இறங்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் கையில் இருக்க வேண்டும். நல்ல ஆசைதான். அதற்கென்றே இப்போது பதவிகளும் பெருகிவிட்டன. வெல்ஃபேர் ஆபீசர், எச்.ஆர். பிசினஸ் பார்ட்னர், கல்ச்சர் ஹெட், சீஃப் ஹேப்பினஸ் ஆபீசர் என்று வரிசை நீள்கிறது. விசிட்டிங் கார்டில் எது எடுப்பாக இருக்கிறது என்று பார்த்து முடிவெடுத்தால் சீக்கிரமே அலுத்துப்போகும்.

நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எந்தெந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாம்? ஷிஃப்ட் பட்டியல், கேன்டீன் ஒப்பந்தம், பஸ் ரூட், லீவு, அப்ரைசல், வாயைத் திறந்தாலே வசவு கொட்டும் சூப்பர்வைசரை மாற்றும் உத்தரவு. ஊழியர்களின் மனநிலையை உயர்த்துவதும் கெடுப்பதும் பெரும்பாலும் இவைதான். இவற்றில் ஒன்றையும் தொட முடியாத பதவிக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும், அது விழா நடத்தும் வேலை.

ஆலை வாசல்

முதலில் பழைய வழி. சென்னையில் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர்களை வைத்து 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான காலத்தில், ஆலைக்குள் ஆள் சேர்ப்பதும் விரட்டுவதும் மேஸ்திரிகளின் ராஜ்யம். வேலை கிடைக்கவும் மாமூல், லீவு கிடைக்கவும் மாமூல். 1931-இல் அறிக்கை கொடுத்த ராயல் கமிஷன், இதை ஒழிக்க ஆலைகள் லேபர் ஆபீசர்களை நியமிக்கலாம் என்று சொன்னது. பிறகு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் வெல்ஃபேர் ஆபீசர் இருந்தே ஆக வேண்டும் என்றது. 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. லாபம் குறைந்த வருடத்தில் மற்ற பதவிகளைத் தூக்கிவிடலாம். இதைத் தூக்க முடியாது. வேலை தேடுகிறவர் இதைச் சாதாரணமாக எண்ணக்கூடாது.

பழைய சட்டத்தின் கீழ் பல மாநிலங்கள் வகுத்த விதிகளில் ஓர் அருமையான நிபந்தனை உண்டு. வெல்ஃபேர் ஆபீசர் தொழிலாளிமீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது, நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளிக்கு எதிராகக் கோர்ட்டில் நிற்கவும் கூடாது. எழுதியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். காலையில் தோளில் கை போட்டு வீட்டு நிலவரம் விசாரித்தவரே மத்தியானம் சார்ஜ் ஷீட் நீட்டினால் நாளைக்கு எவன் வாய் திறப்பான்? நடைமுறையில் நடுத்தர ஆலைகளில் ஒரே ஆள்தான் இரண்டையும் செய்கிறார். வேலைக்குச் சேரும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆலை வேலையின் ருசியும் கஷ்டமும் கேன்டீனில் தெரியும். இரவு எட்டரைக்கு இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் தட்டோடு வரும்போது பொரியல் தீர்ந்திருக்கும், சாம்பாரில் வெந்நீர் ஏறியிருக்கும். முதல் ஷிஃப்டுக்கு அப்பளம் போட்டார்கள் என்ற செய்தி அதற்குள் அவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். யாரும் சண்டை போடமாட்டார்கள். தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சத்தம் எந்த சர்வேயிலும் பதிவாகாது. நல்ல வெல்ஃபேர் ஆபீசர் அன்று இரவு அங்கே நின்றிருப்பார், மறுநாள் கேன்டீன் கமிட்டியைக் கூட்டி ஒப்பந்தக்காரரைக் கேள்வி கேட்பார், இரண்டாம் ஷிஃப்டுக்குத் தனியாகச் சமைக்க வைப்பார். அடுத்த வாரமே பலன் தெரியும். வேறு எந்த எச்.ஆர். வேலையிலும் இத்தனை சீக்கிரம் தெரியாது.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஊரறிந்த சாட்சி இருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் மற்றவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஐபோன் பொருத்தும் ஆலையே மூடிக்கிடந்தது. உலகத்தரம், ஊழியர் நலன் என்று காகிதத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தை யார் போய்ப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வியாக நின்றது.

இந்த வழியின் இன்னொரு முகத்தையும் மறைக்கக்கூடாது. தொழிலாளி உங்களை முதலாளி ஆள் என்பார், முதலாளி யூனியன் ஆள் என்பார். 2009-இல் கோயம்புத்தூரிலும் 2012-இல் ஹரியானாவின் மானேசரிலும் தொழில் தகராறு முற்றி எச்.ஆர். உயரதிகாரிகள் உயிரிழந்தார்கள். 2024-இல் சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் நடந்த வேலைநிறுத்தத்தின் மையத்தில் இருந்தது சங்கத்தை அங்கீகரிக்கும் கோரிக்கை. சங்கம் என்றாலே எரிச்சல்படுகிறவரா நீங்கள்? ஆலைப்பக்கம் போக வேண்டாம். பேச்சுவார்த்தை மேஜையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து, ஏழாவது மணியில் டீ சொல்லி மறுபடி தொடங்கும் பொறுமை இருந்தால் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

படிப்பைப் பொறுத்தவரை சென்னை சமூகப் பணிக் கல்லூரியின் எம்.எஸ்.டபிள்யூ., தமிழ்நாடு அரசின் தொழிலாளர் கல்வி நிலையப் படிப்புகள், வெளிமாநிலத்தில் மும்பை டிஸ், ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. ஆகியவற்றுக்கு ஆலைகளில் மதிப்பு உண்டு. தொழிலாளர் சட்டத்தில் ஒரு டிப்ளமோவும் வைத்திருந்தால் நல்லது. தொடக்கச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

திருப்பூர் பக்கம்

பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் இதே வேலை ‘சோஷியல் கம்ப்ளையன்ஸ்’ என்ற பெயரில் நடக்கிறது. வெளிநாட்டு பிராண்டுகளின் ஆடிட்டர் வரும் நாளுக்காக ரிஜிஸ்டர்களைத் தயார்செய்வதிலேயே பாதி உழைப்பு போய்விடும் என்பது இதில் குறை. ஆனால் ஆடிட்டில் தவறினால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் முதலாளிக்கு இருப்பதால், கழிப்பறைக் கதவிலிருந்து ஓவர்டைம் கணக்குவரை நீங்கள் சொல்வது எடுபடும். 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. பெண்கள்மீதான பாலியல் தொல்லையைத் தடுக்க, தொழிற்சங்கமும் ஆலையும் வெளிநாட்டு பிராண்டுகளும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் அது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைப் பயிற்றுவித்து, புகாரை அவர்களே எழுப்ப வழிசெய்தது. இந்தத் துறையில் நுழைகிறவர் அதைப் படித்துவிட்டுப் போவது நல்லது. பெண்களாக இருந்தால் இங்கே மேலே வர வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடம்

ஐ.டி. நிறுவனங்களிலும் பன்னாட்டு கம்பெனிகளின் சென்னை மையங்களிலும் நுழைவாயில் எச்.ஆர். பிசினஸ் பார்ட்னர் பதவி. அமெரிக்கப் பேராசிரியர் டேவ் உல்ரிச் 1997-இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளைத்த ஏற்பாடு இது. எச்.ஆருக்கு அவர் நான்கு பாத்திரங்கள் கொடுத்தார். ஊழியர் பக்கம் நின்று குரல் கொடுப்பது அவற்றில் ஒன்று. நம் ஊர் பார்ட்னர்களின் நாட்காட்டியைப் பார்த்தால் மற்ற மூன்றும் இருக்கும், இது மட்டும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தள்ளப்பட்டிருக்கும். அப்ரைசல் சீசனில் பெல் கர்வுக்குள் ஆட்களை அடைப்பதும், பெஞ்சில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பேசுவதும், வேலையைவிட்டு அனுப்பும் மீட்டிங்கில் பக்கத்தில் உட்காருவதும் உங்கள் தலையில் விழும்.

அப்படியும் இந்த வழியை நான் பரிந்துரைப்பேன். சி.எச்.ஆர்.ஓ. நாற்காலிக்குப் போகும் அகலமான பாதை இதுதான். அங்கே போய்ச் சேர்ந்தால் செய்யக்கூடியது ஏராளம். எச்.சி.எல். டெக்னாலஜிஸில் வினீத் நாயர் தலைமைப் பொறுப்பேற்ற 2005-க்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். அட்மின், ஃபைனான்ஸ், எச்.ஆர். என்று எந்தத் துறைமீதும் ஊழியர் டிக்கெட் போடலாம். அந்த டிக்கெட்டை மூடும் உரிமை அதைப் போட்ட ஊழியருக்கு மட்டும். மேலாளர்களைப் பற்றி ஊழியர்கள் கொடுத்த மதிப்பீட்டை உள்வலைத்தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள், முதலில் வெளியிட்டது நாயருடையதை. ஆயிரம் டவுன் ஹால் பேச்சு செய்யாததை ‘டிக்கெட்டை யார் மூடுவது’ என்ற ஒரு விதி செய்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள், அதைத் தொடங்கிவைத்தது எச்.ஆர். துறை இல்லை. சி.இ.ஓ. துணை இல்லாத எச்.ஆர். தலைவருக்கு இப்படி ஒரு விதியைக் கொண்டுவரத் தெம்பு இருக்காது.

இன்னொரு சங்கதி. இன்ஃபோசிஸில் நிதித் தலைவராக இருந்த மோகன்தாஸ் பை 2006-இல் எச்.ஆர். பொறுப்புக்கு மாறினார். பட்ஜெட் படிக்கத் தெரிந்த ஆளை எச்.ஆரில் உட்கார வைத்தால் வாதம் வேறு மாதிரி நடக்கும். பேலன்ஸ் ஷீட் என்றால் பயப்படுகிற எச்.ஆர். நண்பர்கள் அந்தப் பயத்தை முப்பது வயதுக்குள் தொலைத்துவிட வேண்டும்.

புதுப் பெயர்ப் பதவிகள்

கல்ச்சர், என்கேஜ்மென்ட், ஹேப்பினஸ் என்று தொடங்கும் பதவிகளைப் பற்றி எனக்குச் சந்தேகம் அதிகம். கூகுளில் சிங்கப்பூர்க்காரரான பொறியாளர் சேட்-மெங் டான் ‘ஜாலி குட் ஃபெல்லோ’ என்ற பதவிப் பெயரோடு தியானப் பயிற்சி நடத்திப் புகழ்பெற்ற பிறகு, இத்தகைய பெயர்கள் பல ஊர்களுக்கும் பரவின. டான் கூகுளின் தொடக்ககாலப் பொறியாளர், அவர் சொன்னால் கேட்பார்கள். அந்தச் செல்வாக்கு இல்லாமல் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டவர், தீபாவளிக்கு ரங்கோலிப் போட்டி, மகளிர் தினத்துக்கு ஊதா நிற டிரஸ் கோட், வருடத்துக்கு ஒருமுறை சர்வே என்று சுற்றிக்கொண்டிருப்பார். செலவைக் குறைக்கச் சொல்லி மெயில் வந்தால் முதலில் போகிற பதவியும் இது.

நெட்ஃபிளிக்ஸின் பணிக்கலாச்சாரத்தைச் சொல்லும் ஸ்லைடு தொகுப்பு 2009-இல் வெளியாகி உலகமெங்கும் சுற்றியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பேட்டி மெக்கார்ட் அங்கே எச்.ஆர். பொறுப்பில் இருந்தவர். யாரை எடுப்பது, யாரை அனுப்புவது, லீவை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் அதன் சாரம். கலாச்சாரம் என்று பெயர் சூட்டப்பட்ட அந்த ஆவணம் முழுக்க முழுக்க அதிகாரத்தைப் பற்றியது. ஆகவே கல்ச்சர் ஹெட் பதவி வந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எம்.டி.க்கு நேரடியாக ரிப்போர்ட் செய்வீர்களா, எக்ஸிட் இன்டர்வியூ விவரங்கள் உங்களிடம் வருமா, பதவி உயர்வுக் குழுவில் உங்களுக்கு இடம் உண்டா? மூன்றில் இரண்டு இருந்தால் யோசிக்கலாம். ஒன்றும் இல்லையென்றால், நிகழ்ச்சி ஏற்பாட்டில் உங்களுக்கு ஆர்வம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து ஆலோசகராகவோ உளவியல் கவுன்சலராகவோ வேலை செய்யும் வழியும் உண்டு. சுதந்திரம் கிடைக்கும், பத்துக் கம்பெனியின் உள்விவகாரம் தெரியவரும். ஆனால் நீங்கள் கொடுத்த அறிக்கையை அவர்கள் அலமாரியில் வைத்துப் பூட்டினாலும் ஒன்றும் செய்ய முடியாது. நாற்பது வயதுக்கு முன் இதில் இறங்குவதை நான் ஊக்குவிக்கமாட்டேன்.

எச்.ஆருக்கு வெளியே

இந்த வேலையை அதிகமாகச் செய்கிறவர் எச்.ஆரில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மைண்ட்ட்ரீ நிறுவனர்களில் ஒருவரான சுப்ரதோ பாக்சி 2008-இல் நிர்வாகப் பொறுப்பை விட்டு ‘கார்டனர்’ என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு, கம்பெனியின் முன்னணியில் இருந்த நூறு பேரை வளர்ப்பதே வேலை என்று உட்கார்ந்தார். நிறுவனருக்குக் கிடைக்கும் சலுகை அது என்பது சரி. ஆனால் இருபது பேர் கொண்ட டீமின் மேலாளர்கூடத் தன் வட்டத்துக்குள் அதைச் செய்யலாம். லீவு கொடுப்பதும் பாராட்டுவதும் மீட்டிங்கில் யாரைப் பேசவிடுவது என்பதும் அவர் கையில்தான். உங்களுக்கு உற்பத்தியோ கோடிங்கோ விற்பனையோ நன்றாக வருகிறது, கூடவே ஆட்களோடும் ஒத்துப்போகிறது என்றால் எச்.ஆருக்குத் தாவும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

இன்டர்வியூவில் கேட்க வேண்டியவை

கையெழுத்து யாருடையது என்பதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். கேன்டீன் ஒப்பந்தக்காரரை மாற்றுவது யார் முடிவு? நல்ல விற்பனை காட்டுகிற ஆனால் கீழே உள்ளவர்களை அழவைக்கிற மேலாளர்மீது கடைசியாக எப்போது நடவடிக்கை எடுத்தீர்கள்? பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள் குழுவின் தலைவர் யார்? (2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு கட்டாயம், பெயர் சொல்ல அவர்கள் தடுமாறினாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.) எனக்கு முன்னால் இந்தப் பதவியில் இருந்தவர் இப்போது எங்கே?

முடிந்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தையோ ஆலையையோ சுற்றிப்பார்க்க அனுமதி கேளுங்கள். மேலாளர்கள் தனி மேஜையில் சாப்பிடுகிறார்களா, ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு தட்டா என்று கண்ணால் பாருங்கள். ஆஃபர் லெட்டர் வந்ததும் சம்பளத்துக்கு அடுத்த வரியைப் படியுங்கள். யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பது அங்கே இல்லாவிட்டால், அதைச் சேர்த்துக் கேட்டு வாங்கிய பிறகு பழைய வேலைக்கு ராஜினாமா எழுதுங்கள்.