அடைப்பதற்கு முந்தைய சில நிமிடங்கள்

மன்னார்புரத்தில் பல் மருத்துவம் பார்க்கும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படுவது, "எந்தக் கம்பெனி சிமெண்ட் போடுவீங்க டாக்டர்?" என்பதுதான். வேறெங்கோ அடைத்தது விழுந்துவிட்டதென்று வருகிறவர்களும் மருந்தைத்தான் குறை சொல்கிறார்கள். சிலர் விழுந்த துண்டைத் தாளில் மடித்துக் கொண்டுவருவார்கள். பல நேரம் அது உடையாமல் முழுசாகவே இருக்கும். பொருள் கெட்டிதான், பல்லை அது பிடிக்கவே இல்லை.

பொன்மலை ரயில்வே பணிமனையில் பெயிண்டராக இருந்த பெரியவர் ஒருவரிடம் இதை விளக்கத் தொடங்கினேன். "துருவையும் பிசுக்கையும் எடுக்காம பெயிண்ட் அடிச்சா உரியத்தானே சார் செய்யும்?" என்றார். அடைப்பைப் பல்லில் பிடிக்கவைக்கும் முறையின் வேரே அங்குதான் இருக்கிறது. உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கப் பாஸ்பாரிக் அமிலம் பூசும் தொழிற்சாலை வழக்கத்தை அறிந்துதான், அமெரிக்காவில் மைக்கேல் புவோனோகோர் அதே அமிலத்தைப் பல்லின் மேலுறையான எனாமலில் பூசிப் பார்த்து 1955இல் முடிவை வெளியிட்டார்.

பல்லை அடைக்குமுன் இப்போது நாங்கள் பூசும் ஜெல்லில் அந்த அமிலம் சுமார் 37 சதவீதம். சொத்தையைக் குடைந்ததும் பல்லின்மேல் மெல்லிய தூள் படலம் படிந்துவிடும். அமிலம் அதை நீக்கி, எனாமலில் நுண்ணிய துளைகளைத் திறக்கிறது. அடுத்துப் பூசும் பசை அவற்றுக்குள் இறங்கி, விளக்கொளியில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. எனாமலுக்கு 15 முதல் 30 விநாடி போதும். உள்ளே இருக்கும் டென்டினுக்கு 15 விநாடியைத் தாண்டக் கூடாது. கழுவிக் காற்றடித்தால் எனாமல் பளபளப்பு இழந்து வெளுத்துத் தெரிய வேண்டும். டென்டினை அப்படிக் காயவிட்டால் அதன் புரத இழைகள் அமுங்கிப் பசைக்கு வழி விடாது. கொஞ்சம் ஈரம் வேண்டும். அடைத்த பல் ஐஸ் தண்ணீருக்குக் கூசுவதற்கு டென்டினை இப்படிக் காயவிடுவதும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும் கெடுப்பது எச்சில். அமிலம் கழுவிய பல்லில் எச்சில் பட்டால், துடைத்துவிட்டுத் தொடர முடியாது. திரும்பவும் அமிலம் பூசித்தான் ஆக வேண்டும். எச்சில் படாமலிருக்கப் பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் ஷீட் 1864 முதல் இருக்கிறது. முகத்தை மூடுவதுபோல் இருக்கிறதென்று பலர் வேண்டாம் என்கிறார்கள். என் அனுபவத்தில், மூக்கால் மூச்சு விடப் பழகிக்கொண்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது.

உட்காருமுன் சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்திருந்தாலோ, கிராம்பு வாசனையுள்ள தற்காலிக அடைப்பு இருந்தாலோ சொல்லுங்கள். அதிலுள்ள யூஜினால் பசையும் பல்நிற மருந்தும் இறுகுவதைத் தடுக்கும். பல்லை வெளுக்க வைத்திருந்தால் ஓரிரு வாரம் பொறுத்து அடைப்பதே நல்லது. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல ஃபுளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்து வளர்ந்து, பல்லில் கறை உள்ளவர்களும் ஊரைச் சொல்லுங்கள். அந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் இடம் கொடுக்காது. கூடுதல் நேரம் பூச வேண்டியிருக்கும்.

"பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க, பஸ்ஸைப் பிடிக்கணும்" என்று மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். அப்படி அவசரப்படுத்தும்போது முதலில் குறைவது கழுவும் நேரமும் உலர்த்தும் நேரமும்தான். பல் அடைக்க வரும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.